பெரியம்மாவுக்குப் போன கசெற்

அன்று தலைமை ஆசிரியையின் அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். மேசைக்குப் பின்னால் தலைமை ஆசிரியை. அவருக்குப் பக்கத்தில், மடியில் கோப்புடன், கல்வி அலுவலகத்திலிருந்து வந்த மனிதர். இந்தப் பக்கம், சனிக்கிழமை வகுப்பை நடத்திய ஆன்ரி. தோழியின் தாய், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் போடும் வெள்ளை மேலங்கியைக் கழற்றவும் நேரமில்லாமல் அப்படியே வந்திருந்தார். தோழி. என் அம்மா. நான். எட்டாவதாக ஆன்ரியின் கறுப்பு ரேப் ரெக்கோடரையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குள் இருந்தது ஒன்றும் பதியாத வெறும் கசெற் என்பது ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். மற்றது அம்மா. அம்மாவுக்கு அது ஒரு பிழையாகவே படவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். வீட்டை விட்டு இறங்குமுன் காஸ் அடுப்பின் குமிழை மூன்று தரம் தொட்டுப் பார்க்கிற ஆள் நான். பள்ளிக்கூடத்தைப் பதினாறில் விட்டவள், ஆகவே இதை ஒழுங்காகச் சொல்லி முடிப்பேனோ தெரியாது. முன்னுக்குப் பின் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் சின்னப் பிள்ளையாய் இங்கே லண்டனில் வந்திறங்கிய என் வயதுக்காரர்கள் நான் சொல்லாமல் விடுவதையும் விளங்கிக்கொள்வீர்கள். மீற்றருக்குள் ஐம்பது பென்ஸ் நாணயக்குற்றி போட்டால்தான் எரிகிற லைற், ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் காலையில் வழிகிற தண்ணீர், கறித்தூள் மணம் போகவேண்டும் என்று பனியிலும் திறந்து வைக்கிற குசினிக் கதவு. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும்.

நாங்கள் லூயிஷாமில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தோம். அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு ஷிப்ட். ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் சந்தைக்குப் போன வழியில், தேவாலய மண்டபத்து வாசலில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கொப்பி பென்சிலுடன் வரிசையில் நின்றார்கள். அம்மா நின்றுவிட்டார்.

“ரியூசன்!” என்றார்.

சனிக்கிழமை காலையில் கொப்பியோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகள் என்றால் யாழ்ப்பாணத்து ஆளுக்கு அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. யார் படிப்பிக்கிறார்கள், என்ன படிப்பிக்கிறார்கள் என்று அம்மா விசாரிக்கவில்லை. கத்தரிக்காய்ப் பையை எனக்குத் தந்துவிட்டு நேரே வாசலுக்குப் போனார். வாசலில் நின்றவர்தான் ஆன்ரி. உயரமான, கனத்த மனுசி. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து, தூங்காமல் அங்கே வருகிறவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

“இது எங்கட பிள்ளையளுக்கு, அம்மா,” என்றார் ஆன்ரி. “வீட்டில ஜமேக்காப் பேச்சுக் கதைக்கிற பிள்ளையளுக்கு. பள்ளிக்கூடத்தில அதுகளுக்குக் கரைச்சலாய் இருக்கு.”

அம்மாவுக்கு விளங்கியது ‘பிள்ளைகள்’ மட்டும். “யெஸ், யெஸ், சில்ரன்,” என்று சொல்லி என் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிட்டார். ஆன்ரி என்னைப் பார்த்தார், கத்தரிக்காய்ப் பையைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “சரி, இருக்கட்டும். கதிரை கிடக்குதுதானே.”

ஒன்று சொல்லவேண்டும். ஆன்ரியும் தோழியும் பேசியதை நான் எங்கள் வீட்டுத் தமிழில்தான் எழுதுகிறேன். அவர்கள் பேசியது ஜமேக்காவில் வீட்டிலும் தெருவிலும் பேசுகிற பற்றுவா. அதை எழுத்துத் தமிழில் போட்டால் பொய்யாகிவிடும். தலைமை ஆசிரியையும் அலுவலகத்து மனிதரும் பேசியதை மட்டும் எழுத்துத் தமிழில் தருகிறேன். அவர்கள் அச்சடித்தமாதிரித்தான் பேசுவார்கள்.

மண்டபத்தில் தரைக்குப் பூசுகிற மெழுகு மணமும் இஞ்சித் தேநீர் மணமும் கலந்திருக்கும். படிப்பித்தவர்கள் எல்லோரும் சம்பளமில்லாமல் வந்தவர்கள். ஆன்ரியைத் தவிர எனக்கு நன்றாக நினைவிருப்பவர் ஓய்வுபெற்ற ஒரு பஸ் ஓட்டுநர். ரேப் ரெக்கோடர் அவருடைய பொறுப்பு. பதிவு செய்ய இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமத்தவேண்டும். அமத்துமுன், “பஸ் வெளிக்கிடுது, ஏறுங்கோ. பிறகு ஓடிவந்து தொங்கக்கூடாது,” என்பார். பிள்ளை உடனே பேசத் தொடங்கவேண்டும்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு கொப்பி. சிவப்பு மட்டை வீட்டுக் கொப்பி, நீலம் பள்ளிக் கொப்பி. முதலில் பிள்ளை தன் வீட்டில் பேசுகிறமாதிரி ஒரு கதை சொல்லவேண்டும். அதை நாடாவில் பிடித்து, சொன்னது சொன்னபடி வீட்டுக் கொப்பியில் எழுதவேண்டும். அதில் யாரும் சிவப்பு மையால் கோடு கீறக்கூடாது, ஆன்ரியும் கூட. பிறகு அதே கதையை நீலக் கொப்பியில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றமாதிரி எழுதவேண்டும். “இரண்டும் உங்கட உடுப்புத்தான்,” என்பார் ஆன்ரி. “வீட்டில போடுறதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வரச்சொல்லி ஆரும் கேக்கேலாது.”

என்னுடைய சிவப்புக் கொப்பி பல வாரம் வெறுமையாய்க் கிடந்தது. என் வீட்டுப் பேச்சை அங்கே யார் வாசிப்பது? சும்மா இருக்கிறாளே என்று மற்றப் பிள்ளைகளின் நாடாவைக் கேட்டு எழுதும் வேலையை ஆன்ரி எனக்குத் தந்தார். அதில்தான் ஒரு விசயம் தெரியவந்தது. மற்றப் பிள்ளைகள் எழுதும்போது பயத்தில் தங்களையறியாமல் திருத்திவிடுவார்கள். எனக்குத் திருத்தத் தெரியாது. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுவேன். “இந்தச் சிலோன் பிள்ளைதான் எங்கட நல்ல கிளாக்கர்,” என்றார் பஸ் ஓட்டுநர். அந்த ஒரு வசனத்துக்காக நான் காய்ச்சலோடும் அந்த வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

தோழி பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரி. ஜமேக்காவிலிருந்து வந்து ஒரு வருடம்தான். வந்த முதல் வாரம் வகுப்பில் எழும்பி ஏதோ சொல்லியிருக்கிறாள். ரீச்சர் ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தித் திருத்த, வகுப்பு சிரித்ததாம். அன்றோடு பள்ளிக்கூடத்தில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டாள். பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவாள். மண்டபத்துக்கு வந்தால் அவளை நிறுத்த ஏலாது. அவளுடைய கதை ஓடுகிறபோது தேநீர் ஊற்றுகிறவர்களும் கேத்திலைப் பிடித்தபடி நிற்பார்கள்.

கல்வி அலுவலகத்து மனிதர் வந்து அவளுக்குப் படங்கள் காட்டிச் சோதித்தார். ஒரு படத்துக்கும் அவள் பெயர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரு கடிதம் போனது. செவ்வாய்க்கிழமை கூட்டம். அதில் அவளை, படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிக்கு மாற்றுவது பற்றி முடிவெடுப்பார்கள். சிறப்புப் பள்ளி என்றால் எங்களுக்கு ஒரு வெள்ளை மினிபஸ். எங்கள் தெருவால் காலையில் அது போகும். அதில் ஏறிய எந்தப் பிள்ளையும் திரும்ப எங்கள் வகுப்புக்கு வந்ததை நாங்கள் பார்த்ததில்லை. தோழி அந்த பஸ்ஸைக் கண்டால் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள்.

சனிக்கிழமை ஆன்ரி அவளை ஒரு முழுக் கதை சொல்லவைத்தார். ஒரு பக்கம் முப்பது நிமிடம் ஓடும் நாடா. கிட்டத்தட்ட அந்தப் பக்கம் முழுக்கப் பேசினாள். அவளுடைய மாமனின் ஒற்றைக் கொம்பு ஆடு. ஆற்றங்கரையில் கட்டியிருந்த ஆடு. இரவிரவாய்ப் பெய்த மழை. தகரக் கூரை போட்ட சின்னத் தேவாலயம். நான் பின்வரிசையில் தேநீர்க் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்ததால் பாதிதான் காதில் விழுந்தது.

வகுப்பு முடிய ஆன்ரி என்னைக் கூப்பிட்டார். “இதைக் கேட்டு ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொண்டு வா, பிள்ளை. செவ்வாய்க்கிழமை அவைக்கு முன்னால நாடாவைப் போடுவன். எழுத்தையும் கையில குடுப்பன். இந்தப் பிள்ளைக்குப் பேச்சில்லை எண்டு அதுக்குப் பிறகும் சொல்லட்டும் பாப்பம்.” கசெற் கூட்டுக்குள் ஒரு அட்டை இருந்தது, நூல்நிலையத்தில் இருப்பது போல, பஸ் ஓட்டுநரின் கையெழுத்தில். என் பெயரை அதில் எழுதிக் கையில் தந்தார். இதற்கு வேறு பிரதி கிடையாது என்றும் சொன்னார். அந்தக் கசெற்றை நான் வீடு வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன்.

ஞாயிறு காலை எழுதத் தொடங்கினேன். எங்கள் ரேடியோ கசெற்றில் ஒரு வசனம் கேட்பது, நிறுத்துவது, பின்னுக்கு ஓட்டுவது, எழுதுவது. கை நொந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிற இடம் வந்தது. ஆட்டின் கயிறு இறுகுகிறது. அந்த இடத்தில் அப்பா கூப்பிட்டார். டூட்டிங்குக்குச் சாமான் வாங்கப் போகிறார், அரிசி மூட்டை தூக்க ஆள் வேண்டும். மிச்சம் கொஞ்சம்தானே, வந்து எழுதலாம் என்று போனேன். ஆனால் போகுமுன் நாடாவை முதலுக்குச் சுற்றிவிட்டேன். பாவித்து முடிந்தால் முதலுக்குச் சுற்றவேண்டும் என்பது பஸ் ஓட்டுநரின் கட்டளை. அந்த ஒழுங்குதான் என்னைக் கெடுத்தது.

பின்னேரம் திரும்பி வந்தபோது ரேடியோவின் சின்னக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

“அம்மா, இதுக்குள்ள இருந்த கசெற் எங்க?”

“அது பெரியம்மாவுக்குக் குடுத்துவிட்டாச்சு.”

உங்கள் வீட்டிலும் அப்படித்தானே செய்திருப்பீர்கள். கடிதம் எழுதினால் எப்போது போய்ச் சேரும், யார் உடைத்துப் பார்ப்பார் என்று தெரியாது. ரெலிபோன் ஊரில் இல்லை. ஆகவே யாராவது ஊருக்குப் போனால் கசெற்றில் பேசிக் கொடுத்துவிடுவது. அன்று மத்தியானம் பிளேஸ்டோவிலிருந்து ஒரு அண்ணை வந்திருக்கிறார், மறுநாள் கொழும்புக்குப் பறக்கிறார். அரை மணித்தியாலம் காத்திருப்பேன், ஏதும் இருந்தால் தாங்கோ என்றிருக்கிறார். அம்மா சவர்க்காரம், கோப்பித்தூள், பனடோல் எல்லாம் கட்டிவிட்டு, வீட்டில் வேறு கசெற் இல்லாததால் ரேடியோவில் கிடந்ததில் பேசிவிட்டார்.

“எந்தப் பக்கத்தில அம்மா பேசினீங்கள்?”

“அது கிடந்த பக்கத்தில.”

“முதலில இருந்தோ?”

“பின்ன நடுவில இருந்தோ பேசுறது?”

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேனா என்று நினைவில்லை. தோழியின் கதை அதில் இருந்தது, அதை வைத்துத்தான் அவளை மினிபஸ்ஸுக்கு அனுப்பாமல் தடுக்கப் போகிறார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டார். அதற்காக ஒரு கணம் அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். பிறகு அது பழையபடி ஆகிவிட்டது.

“அந்தப் பிள்ளைக்கு வாய் இருக்குத்தானே. திருப்பிச் சொல்லட்டும்.”

“அவள் பள்ளிக்கூடத்தில கதைக்கமாட்டாள் அம்மா. அதுதானே பிரச்சினை.”

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினார். நான் விடவில்லை. “அந்த அண்ணைக்கு ஒருக்கால் போன் பண்ணுங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.”

அம்மா போன் பண்ணினார். அதை மறுக்கக்கூடாது. நான் பக்கத்தில் நின்று ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டேன். “ஓம் அண்ணை, சுகமாய்ப் போய்ச் சேர்ந்தியளோ... சாமானெல்லாம் அடங்கிச்சுதோ...” அந்தப் பக்கம் அவர், நிறை இரண்டு கிலோ கூடிப்போச்சு, சூட்கேசைப் பூட்டிக் கயிறும் போட்டாச்சு, இனிக் கடவுள் வந்தாலும் திறக்கேலாது என்று சிரித்தார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார். “ஓமோம் அண்ணை, பாவம் நீங்கள். எங்களால எவ்வளவு கரைச்சல். சரி, சுகமாய்ப் போட்டு வாங்கோ.” வைத்துவிட்டார்.

“கேக்கேல்லையே நீங்கள்!”

“எப்பிடியடி கேக்கிறது? காசு வாங்காமல் எங்கட சாமான் சுமக்கிற மனுசன். கட்டின பெட்டியை அவிழ் எண்டோ சொல்லுறது?”

மறுநாள் திங்கள். பள்ளிக்கூடத்தில் தோழி என் பக்கத்தில் இருந்தாள். கணக்குக் கொப்பியின் ஓரத்தில் ஒற்றைக் கொம்பு ஆடு ஒன்று கீறி எனக்குத் தள்ளினாள். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடும். பள்ளி விட்டதும் ஆன்ரியின் வீடு வரைக்கும் நடந்தேன். படலைக்கு வெளியே நின்றேன். மேல்மாடி ஜன்னலில் திரை இழுத்திருந்தது. இரவு வேலைக்காரர் தூங்குகிற திரை. எழுப்பினால் கோபிப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். உண்மையில் நான் பயந்தது அவர் கோபிக்காமல் விட்டால் என்ன செய்வது என்பதற்கு.

செவ்வாய் காலை அம்மா ஒரு புதுக் கசெற் வைத்திருந்தார். சந்தையில் வாங்கி, கண்ணாடித் தாளை உரித்து, தோழியின் பெயரை அதன் மேல் தன் உருண்டையான எழுத்தில் வடிவாக எழுதியிருந்தார். “அவையின்ரது அறுபது நிமிசம். நான் தொண்ணூறு வாங்கியிருக்கிறன். ஆரும் குறை சொல்லேலாது.” இதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது நேர்மை. வாங்கின பொருளை விட நல்ல பொருளாய்த் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

பள்ளி வாசலில் ஆன்ரியிடம் கொடுத்தேன். “கூடு எங்க?” என்றார்.

“வீட்டில,” என்று பொய் சொன்னேன். கூடும் கசெற்றோடு போயிருந்தது.

பெயரைப் பார்த்தார், கைப்பையில் போட்டார். “கொப்பி கொண்டுவந்தியோ?” தலையாட்டினேன். “அப்ப நீயும் உள்ள வா. எழுதினவள் நீ.” அறைக்குள் மகள் தனியாகப் போனால் ஏதோ குற்றத்துக்கு என்று நினைத்து அம்மாவும் பின்னாலேயே வந்தார். அப்படித்தான் ஏழு பேர் ஆனோம்.

“நான் காட்டிய இருபது படங்களில் ஒன்றுக்குக்கூட அவள் பெயர் சொல்லவில்லை,” என்று அலுவலகத்து மனிதர் தொடங்கினார். குரலில் கொடுமை ஒன்றும் இல்லை; களைப்பு இருந்தது. “இத்தகைய குழந்தைக்கு இந்தப் பள்ளி சுமையாகவே இருக்கும்.”

“ஒலிநாடா ஒன்று இருப்பதாகச் சொன்னீர்களே?” என்றார் தலைமை ஆசிரியை.

ஆன்ரி ரெக்கோடரை மேசை மேல் வைத்துக் கட்டையை அமத்தினார். நாடா சுற்றியது. ஸ்... என்று ஒரு இரைச்சல், தூரத்தில் மழை பெய்வதுபோல. ஆன்ரி சத்தத்தைக் கூட்டினார். இரைச்சல் கூடியது. தோழியின் தாய் மேலங்கியின் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாய் இருந்தார். அம்மா என் காதுக்குள், “ஏன் வெறுமையாய் ஓட்டுகினம்? பிள்ளையைப் பேசவிடலாமே, புதுசுதானே!” என்றார். ஆன்ரி மறுபக்கம் திருப்பிப் போட்டார். அங்கேயும் அதே மழை. மனிதர் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த இரைச்சல் முழுக்க அவருடைய கோப்புக்குச் சாட்சி சொன்னதுபோல இருந்தது.

தோழி நாடாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அது யாழ்ப்பாணத்துக்குப் போட்டுது,” என்றேன்.

“எங்க?” என்றார் ஆன்ரி.

“என்ர பெரியம்மாவிட்ட. அம்மா அதில பேசி அனுப்பிப்போட்டா.”

மனிதர் கோப்பை மூடினார். அந்தச் சத்தத்தில் எனக்குள் என்ன அறுந்ததோ, சிவப்புக் கொப்பியைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. தோழியின் சொல்லிலேயே, தோழியின் இழுவையிலேயே வாசித்தேன். ஆடு, கொம்பு, மாமன், மழை. மனிதர் தலைமை ஆசிரியையைப் பார்த்து, “இந்தக் குழந்தை எந்த நாடு?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. ஆற்றுத் தண்ணீர் ஏறியது, கயிறு இறுகியது. பக்கம் முடிந்தது.

“மிச்சம்?” என்றார் ஆன்ரி, மெல்ல.

மிச்சம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எழுதாமல் விட்டதும் என் பிழையாகிவிடும் என்று பயந்து ஒரு முடிவைச் சொன்னேன். “ஆத்துத் தண்ணி ஆட்டை இழுத்துக்கொண்டு போட்டுது. ஆடு செத்துப்போச்சு. அவ்வளவுதான்.”

“அ நோ ஸோ இட் கோ!”

அது அப்படியில்லை என்று அர்த்தம். கதிரை பின்னால் விழுந்தது. தோழி நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்துக்குள் ஒரு வருடமாய் யாரும் கேட்காத குரல்.

“ஆடு சாகேல்ல! ஆர் சொன்னது செத்ததெண்டு? மாமன் விடியவிடிய அழுதார். ஊர்ச் சனமெல்லாம் ஆத்தங்கரையில தேடினது. விடிஞ்சு பாத்தா அது கோயில் கூரையில நிக்குது! பின்பக்கத்து மேட்டால ஏறிப் போயிருக்கு. தகரத்தில டக்கு டக்கெண்டு நடக்குது, எல்லாரையும் குனிஞ்சு பாத்துக் கத்துது. பாதர் வெளியில வந்து அண்ணாந்து பாத்துப்போட்டுச் சொன்னார், இந்த ஆடு இண்டைக்குத்தான் முதல்முதல் கோயிலுக்கு வந்திருக்கு, அதுவும் உள்ளுக்கு வர மனமில்லாமல் மேல நிக்குது எண்டு!”

தலைமை ஆசிரியை சிரித்துவிட்டார். அடக்க நினைத்து முடியாமல், மூக்கால் வந்த சிரிப்பு. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தினார்.

ஆன்ரி அதற்காகவே காத்திருந்தவர் போலத் திரும்பினார். “நீங்கள் சிரிச்சீங்கள், மிஸ். விளங்காமல் ஒருத்தரும் அந்த இடத்தில சிரிக்கேலாது.”

“அது இங்கிலீசுதான், சேர்,” என்றார் தோழியின் தாய், முதல் தடவையாக வாய் திறந்து. “என்ர பிள்ளை கதைக்கிறதும் இங்கிலீசுதான்.”

மனிதர் கோப்பைத் திரும்பத் திறந்தார். நெடுநேரம் எழுதினார். தோழியைக் கோடை விடுமுறை வரைக்கும் எங்கள் வகுப்பிலேயே விட்டுப் பார்ப்பது, ஆன்ரி வாரத்தில் இரண்டு காலை வந்து வகுப்பில் அவள் பக்கத்தில் இருப்பது என்று முடிவானது. இரவு வேலை முடித்து வந்து ஆன்ரி அப்படி இருந்தார். சில நாள் கண் செருகும், தோழி முழங்கையால் இடிப்பாள். அந்த மினிபஸ் அவளுக்காக வரவேயில்லை.

ஆனால் அன்று நடைபாதையில் அவள் என்னை நிறுத்தினாள். “என்ர குரலைக் குடுத்துப்போட்டியோ?”

“நான் குடுக்கேல்ல. அம்மா தெரியாமல்...”

“எடுத்துக்கொண்டு வா. அதுக்குப் பிறகு கதை.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வகுப்பில் எல்லோருடனும் பேசினாள், ரீச்சருடன் வாதாடினாள், என்னோடு மட்டும் பேசவில்லை. மேசை மாறி இருந்தாள். கோடைக்குப் பிறகு நாங்கள் வேறு வேறு பெரிய பள்ளிக்குப் போனோம். கூட்டம் நடந்த அன்றே, திரும்பி வராத கசெற்றுக்கு என்று அம்மா ஆன்ரியிடம் சில்லறையை நீட்டியபோது ஆன்ரி அதை வாங்கவில்லை. “காசு இப்ப வேண்டாம். கசெற் வரட்டும், வராட்டிப் பாப்பம்,” என்று சொல்லி என் பெயரைத் இரவல் கொடுத்ததை எழுதுகிற தன் குறிப்புப் புத்தகத்தில் அழிக்காமல் விட்டார்.

அம்மா போய் ஆறு வருடமாகிறது. போன மாரியில் பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், இங்கே வந்தாள். பெரியம்மா ஒவ்வொரு இடம்பெயர்வுக்கும் தூக்கிக்கொண்டு ஓடிய பிஸ்கற் தகரப் பேணியில் காணி உறுதிப் பத்திரங்களுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லி ஒன்றைக் கையில் வைத்தாள். கூடு வெடித்திருந்தது. நாடா பிழையில்லை. கசெற் போடுகிற மெஷின் ஒன்றைத் தேடிப் பிடிக்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. அது நாடாவைத் தின்றுவிடுமோ என்று போடாமல் வைத்திருந்தது இன்னும் ஒரு கிழமை.

முதலில் அம்மா. “அக்கா, நான்தான். சுகமோ?” வாடகை, குளிர், அப்பாவின் முதுகு நோ. பிறகு: “இவள் சனிக்கிழமையில ரியூசனுக்குப் போறாள் அக்கா. படிப்பிக்கிறது கறுப்பு மனுசியள், நான் முதல் பயந்தனான், ஆனா நல்ல சனம், ஒரு சதம் வாங்கிறேல்ல. அங்க ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில வாய் திறக்காதாம். அதின்ர கதையை எழுதிக் குடுக்கச்சொல்லி இவளை நம்பிக் குடுத்திருக்கினம். அவ்வளவு கெட்டிக்காரி.” எதை அழித்துக்கொண்டு அந்தப் பெருமையைப் பேசுகிறார் என்று அம்மாவுக்குத் தெரியாது. “சரி அக்கா, நாடா மெலிஞ்சுபோச்சு, முடியப்போகுது. வைக்கிறன்.”

முடியவில்லை. ஒரு டிக். அதன் பிறகு, பின்னால் தேநீர்க் கோப்பைகள் முட்டுகிற சத்தத்தோடு, தோழி. விடிஞ்சு பார்த்தால் ஆடு கூரையில் நிற்கிறது. நான் எழுதியவரைக்கும் அழிந்துபோய், எழுதாமல் விட்டது மட்டும் அப்படியே இருந்தது. கோப்பை கழுவியது நான்தான்.

“உன்ர இந்த இங்கிலீசைப் போட்டுப் போட்டுக் கேட்டது எங்கட ஒழுங்கைச் சனம் முழுக்க,” என்றாள் அக்கா. “இங்கிலீசு மாஸ்ரரே வந்து கதிரை போட்டிருந்து கேட்டவர். சுத்தமான லண்டன் இங்கிலீசு, எங்களுக்குப் பிடிபடாது எண்டவர். அம்மாவுக்கு அண்டைக்கு இருந்த புளுகம், சந்தோசம்!”

“அது நானில்லை அக்கா.”

“பின்ன ஆர்?”

சொன்னேன். முழுவதையும் சொன்னேன், இங்கே எழுதியதை விட மோசமாக அழுதுகொண்டு. தோழி இப்போது எங்கே என்று கேட்டாள். தெரியாது. பழைய இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மண்டபம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன. ஆன்ரியின் வீட்டு ஜன்னலில் வேறு திரை. கசெற் கைப்பையில்தான் இருந்தது. திரும்பக் கொண்டுவந்து மேசை லாச்சியில் வைத்துவிட்டு, அது இருக்கிறதா என்று அன்றிரவு இரண்டு தரம் எழும்பிப் பார்த்தேன்.

உடைந்த கூட்டுக்குள் அட்டை அப்படியே இருக்கிறது. என் பெயர். செவ்வாய்க்கிழமை திருப்பித் தரவேண்டும் என்று ஒரு வரி. அதற்குக் கீழே பஸ் ஓட்டுநரின் சாய்ந்த எழுத்தில், தராவிட்டால், எழுபத்தைந்து பென்ஸ்.